மழை காணாத உப்பு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உப்பளத்திலிருந்து திரும்பிய கலியன், கால்களைக்கூடக் கழுவாமல் நேரே அடுப்படிக்குச் சென்று, அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவினான். அரிசிக்குள் புதைந்து கிடந்த இரண்டு காய்களில் ஒன்று அவனுடைய கட்டைவிரலுக்குச் சற்றே இடம் கொடுத்தது. மற்றது கூழாங்கல்லைப் போல இறுகியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் நிவேதா கொண்டுவந்தபோது மூன்று இருந்தன. ஒன்றை அன்றைக்கே அவசரப்பட்டு அறுத்துப் பார்த்தான். வெளிறிய சதை, முற்றிய தேங்காயைப் போலக் கத்திக்கு வளையாமல் நின்றது. வாயில் போட்டுப் பார்த்தவன் துப்பிவிட்டு வந்து, மீதியைக் குப்பைமேட்டில் எறிந்தான். காக்கைகூட அதைக் கொத்தவில்லை. அதன் பிறகுதான், மாங்காயைப் பழுக்க வைப்பதைப் போல இதையும் அரிசிக்குள் போட வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள் நிவேதா. நான்கு நாள்களாகக் காலையும் மாலையும் டிரம்மைத் திறந்து அமுக்கிப் பார்ப்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது. அமுக்கி அமுக்கியே கெடுத்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது.

நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்குப் புதுச்சேரியில் பெரிய மருத்துவமனையில் தெய்வநாயகியை எடைமேடையில் நிறுத்துவார்கள்.

தெய்வநாயகி, நடைக்கு அருகில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்பது அவளுடைய கால்விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன. கார்த்திகையில் தொடங்கித் தை முடியும்வரை முப்பத்தைந்து முறை அவளுடைய தொண்டைக்குக் கரண்ட் வைத்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு மருத்துவத்தில் கதிர்வீச்சு என்று பெயர். ஆனால், மரக்காணம் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் அதை அப்படித்தான் சொன்னார்கள். கழுத்தின் தோல் கருகி, உரிந்து, புதுத்தோல் வந்துவிட்டது. கட்டி கரைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால், அவளுடைய நாக்கு மட்டும் திரும்பி வரவில்லை. கஞ்சி கொடுத்தால் சுண்ணாம்பு என்றாள். இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் நனைந்த அட்டை என்றாள். நெத்திலிக் குழம்பின் தெளிவை வடித்துக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஊரில் நெத்திலிக் குழம்புக்குப் பெயர் வாங்கியவள் அவள். 

சுவை திரும்பும் என்றுதான் மருத்துவர் சொன்னார். எப்போது என்று கேட்டதற்கு, சிலருக்கு இரண்டு மாதம், சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு வராமலே போகலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். உணவு ஆலோசனை கூறுவதற்கென்று ஓர் அறை இருந்தது. அங்கே ஓர் இளம்பெண் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டினாள். தமிழில் இருக்கிறதா என்று கலியன் கேட்டதற்கு மேசை இழுப்பறையைத் துழாவி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தமிழ்த் தாள் தமிழர் எவருக்காகவும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ‘மென்மையான நல்ல கொழுப்புகள் ஊக்குவிக்கப்படுகின்றன’ என்று அதில் இருந்தது. எட்டாம் வகுப்புவரை படித்த கலியன் பேருந்தில் மரக்காணம் வரும்வரை அந்த வரியைப் படித்துக்கொண்டே வந்தான். யார் யாரை ஊக்குவிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. உடம்பு ஒட்டிப்போன ஒருத்திக்கு என்ன கொடுக்கலாம் என்பதை அவளுடைய புருஷனுக்குப் புரிகிற மாதிரி நான்கு வரி எழுத, இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒருவருக்குக்கூட நேரமில்லையா?

புரிந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை வரும்போது எடை முப்பத்தாறு கிலோவுக்குக் கீழே இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம் என்று அந்த அறையிலேயே சொன்னார்கள். அப்போது அவள் முப்பத்தாறரை. தெய்வநாயகி வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, தேய்ந்த குரலில் சொன்னாள்: “அந்தப் பக்கத்து பெட்டு பொம்பளைய பாத்த இல்ல? ட்யூபு போட்டு அனுப்புனாங்க. பொறவு அது வாயத் தொறந்து ஒரு வாய் துன்னுச்சா? எனுக்கு அது வேணாம். அத போட்டுக்கினு நான் அடுப்பாண்ட எப்புடி நிப்பேன்?” அன்றிலிருந்து அவள் சாப்பிட முயன்றாள்; முயன்று முயன்று தோற்றுக்கொண்டும் இருந்தாள். திங்கட்கிழமை அவளைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனபோது, ஒரு கூடை உப்பைவிட அவள் இலேசாக இருப்பதைக் கலியனின் தோள் உணர்ந்துகொண்டது. நாற்பது ஆண்டுகளாக உப்புக் கூடை சுமந்த தோள் அது. எடையைப் பற்றி அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிவேதா, குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் அறை ஒழுங்கு பார்க்கும் வேலையில் இருந்தாள். வாரத்தில் ஒரு நாள்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பையிலிருந்து அந்த மூன்று காய்களையும் எடுத்து வைத்தபோது கலியன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது இன்னாடி, பேரிக்காயா?”

“பட்டர் ஃப்ரூட்டுப்பா. வெள்ளைக்காரங்க டெய்லி இதத்தான் மசிச்சி துன்றாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல சமைக்கிற வைஜெயந்தி அக்கா அம்மாவுக்குன்னு குடுத்தாங்க.”

“வெள்ளைக்காரன் துன்னா நம்ம தொண்டையில எறங்கிடுமா?”

“எறங்கும்ப்பா. மெல்லவே வேணாம், வழுக்கிக்கினு போயிடும். ஃபுல்லா கொழுப்பு. அந்த நோட்டீஸ்ல நல்ல கொழுப்பு நல்ல கொழுப்புன்னு போட்டிருக்குதே, அது இதான்.”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “உங்கப்பன் துன்னட்டும். அப்பவாவது செவப்பாவுறாரா பாப்பம்.”

நிவேதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி துவைக்கப் போகிறேன் என்று கொல்லைக்குப் போய்விட்டாள். இந்த வாரம் விடுதியில் பெரிய கூட்டம் தங்கியிருப்பதால் விடுப்புக் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாலைப் பேருந்தில் ஏறினாள். ஆகவே, பழத்தை மசிக்கும் பொறுப்பு கலியனுடையதாயிற்று. அவன் அதுவரை வெந்நீர் வைத்திருக்கிறான், கஞ்சி காய்ச்சியிருக்கிறான், இந்த ஆறு மாதத்தில் சோறு வடிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆனால், பெயர்கூட வாயில் நுழையாத ஒரு பண்டத்தைச் செய்ததில்லை.

கை கால் கழுவிக்கொண்டு வந்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, செய்முறையைச் சொல்லி நிவேதா அனுப்பியிருந்த குரல் பதிவை ஓடவிட்டான். கடந்த நான்கு நாள்களில் அதைப் பலமுறை கேட்டிருந்தான். ஆனாலும், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அது புதிதாக இருந்தது.

“ப்பா, பழம் மெத்துன்னு ஆனதும் அன்னிக்கே பண்ணிடு, உட்டா கருத்துடும். நடுவுல பெரிய கொட்ட இருக்குது, கத்திய அதுல இட்டுக்கினு சுத்தி ஒரு கோடு போடு. பொறவு ரெண்டு கையால புடிச்சி திருகு, ரெண்டா பிரிஞ்சிடும். ஸ்பூனால சதைய வழிச்சி, மத்தால மசி. கட்டி இருக்கக் கூடாது, கட்டி இருந்தா அம்மாவுக்கு பொர ஏறும். அவங்க வெங்காயம், தக்காளி, பச்ச மொளகா எல்லாம் போடுவாங்க, நமக்கு அதெல்லாம் வேணாம், எரியும். கொத்தமல்லி சாறு ஒரு ஸ்பூன், எலுமிச்சம்பழம் நாலு சொட்டு. உப்பு மட்டும் மறந்துடாத ப்பா. உப்பு இல்லன்னா அது சோப்பு மாதிரிதான் இருக்கும். கொட்டைய தூக்கிப் போடாத, கிண்ணத்துலயே வச்சிரு, அப்பதான் சீக்கிரம் கருக்காதாம், அக்கா சொன்னாங்க.”

அவள் சொன்னபடியே கத்தி கொட்டையைத் தொட்டுக்கொண்டு சுற்றி வந்தது. திருகினான். பழம் மெல்லிய ஓசையுடன் இரண்டாகப் பிரிந்தது. தோலுக்கு அடியில் இளம்பச்சை, நடுவே வர வர மஞ்சள். கொட்டை இருந்த இடத்தில் வழவழப்பான குழி. கலியன் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெண்ணெய்ப்பழம் என்று தமிழில் இதற்குப் பெயர் வைத்தவர் பழுத்ததைத்தான் பார்த்திருக்க வேண்டும். வழித்துச் சட்டியில் போட்டபோது கரண்டிக்குச் சதை மறுப்புச் சொல்லவே இல்லை. மத்தை எடுத்து அமுக்கத் தொடங்கினான். கடையக் கூடாது, அமுக்க வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. மழை ஓய்ந்து உப்பளம் திறக்கும்போது பாத்தியின் களிமண்ணை நாள்கணக்கில் மிதிப்பார்கள். ஒரு கட்டி தங்கினாலும் அந்த இடத்தில் நீர் கசியும், உப்பு கறுக்கும். குதிகாலால் மிதித்து, விரல்களால் தேடி, கட்டியைக் கண்டால் நசுக்கி, பாத்தி முழுவதும் எருமைத் தோலைப் போல வழவழவென்று ஆகும்வரை விடமாட்டார்கள். அதே பொறுமையுடன் கலியன் சட்டியின் ஓரங்களில் மத்தை உருட்டினான். நடுநடுவே ஆள்காட்டி விரலால் துழாவினான். கடுகளவு கட்டி தென்பட்டாலும் சட்டியின் சுவரில் வைத்துத் தேய்த்தான்.

கொல்லைப்புறக் கதவருகே நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி.

“இன்னாண்ணே, இந்த நேரத்துல மருதாணி அரைக்கிற? யாருக்கு கண்ணாலம்?”

“எனுக்குத்தான். பொண்ணு பாத்து வையி.”

“பாத்துட்டா போச்சி. உப்பு வார்றவனுக்கு ஊர்ல பொண்ணா இல்ல.” சொல்லிவிட்டு அவள் எட்டிக் கட்டிலைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். “எப்புடி இருந்தவ. பாக்கவே வயிறு எரியுது. நேத்து எங்க நாத்தனார் வந்து பாத்துட்டு வந்து ஒரே அழுவ.”

 ‘பாக்கவே வயிறு எரியுது’ என்ற இந்த மூன்று சொற்களை ஆறு மாதமாகக் கலியன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு, காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, படுத்திருக்கிறவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவளுடைய தலைமாட்டிலேயே உட்கார்ந்து இதைச் சொன்னார்கள். வந்தவர்களுள் ஒருவர்கூட மென்று விழுங்க முடியாதவளுக்கு ஆப்பிள் எதற்கு என்று யோசித்ததில்லை. அந்த நாத்தனாரை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. ஆனால், அதற்கும் தெம்பு வேண்டுமே. பாக்கியலட்சுமி நல்லவள்தான். அவன் அளத்துக்குப் போகும் நேரங்களில் தெய்வநாயகிக்குத் தண்ணீர் கொடுக்கிறவள் அவள்தான். அவள் போகும்வரை அவன் மத்தை உருட்டிக்கொண்டே இருந்தான்.

கொத்தமல்லியை அம்மியில் அரைத்துத் துணியில் பிழிந்து சாறு எடுத்தான். எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தபோது, உப்புநீர் அறுத்த விரல் வெடிப்புகளில் சாறு இறங்கி உச்சந்தலைவரை எரிந்தது. நாலு சொட்டு என்றாள்; எண்ணிப் பிழிந்தான். இனி, உப்பு.

உப்பளத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஆண்டு வாரிய உப்பை அந்த ஆண்டே சமையலுக்கு எடுக்க மாட்டார்கள். பாத்தியிலிருந்து வந்த புது உப்பில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் கரிக்கும், விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் அந்தக் கசப்பு எழுந்து நிற்கும். ஆகவே, ஆவணி புரட்டாசியில், அளம் மூடுவதற்கு முன்னால், ஆண்டு முழுவதற்கும் வேண்டிய உப்பைப் பொறுக்கி எடுத்து, மூங்கில் கூடையில் கொட்டி, வீட்டுக்குள் ஒரு மூலையில் இரண்டு செங்கற்களின் மேல் வைப்பார்கள். அடியில் ஒரு தட்டு. ஐப்பசி கார்த்திகை மழைக்காற்றில் கூடை வியர்க்கும். வியர்த்துச் சொட்டும் நீரோடு கசப்பும் இறங்கிவிடும். தையில் எடுத்தால் உப்பு நாக்குக்குச் சாதுவாக இருக்கும். அப்போது அதை ஜாடியில் கொட்டிக்கொள்வார்கள். புது உப்பு கருவாட்டுக்கும் தோல் பதப்படுத்துகிறவனுக்கும். தட்டில் சொட்டிய நீரைத் தினமும் காலையில் தெருக்கோடியில் கொண்டுபோய் ஊற்றுவது பெண்களின் வேலை. தெய்வநாயகி ஊற்றும்போது ஒரு செடியின் மேலும், ஒரு புல்லின் மேலும் படாமல் பார்த்துக்கொள்வாள், பட்டால் பட்டுப்போகும்.

கலியன் ஜாடிக்குள் கையை விட்டான். விரல்கள் அடியைத் தொட்டன. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள் வந்தது. அதில் பாதி ஜாடியின் மண். அப்போதுதான் அவனுக்குக் கணக்கு ஓடியது. போன ஆவணியில் தொண்டை வலி. புரட்டாசியில் சதை எடுத்துப் பரிசோதனை. ஐப்பசி முழுவதும் பேருந்து, வரிசை, சீட்டு, பேருந்து. அந்த ஆண்டு கூடையில் யாரும் உப்பு வைக்கவில்லை. வைக்க வேண்டியவள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முந்தைய ஆண்டு அவள் சேர்த்த உப்பைத்தான் இத்தனை மாதம் அவன் கஞ்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். தீரும் என்ற நினைப்பே இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தான். கிணற்று நீரை மொள்வதைப் போல.

கடையில் உறை உப்பு வாங்கலாம். ஆனால், உப்பளத்துக்காரன் கடையில் போய் நின்று உப்புக் கேட்பதா? செத்தாலும் அந்தத் தெருவில் ஒருவனும் அதைச் செய்ய மாட்டான். பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டால் ஒரு கிண்ணம் நிறையக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, “அண்ணே, ஒங்கூட்ல உப்பு தீந்துபோச்சா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு மறுபடியும் கட்டிலைப் பார்ப்பாள். அந்த மூன்று சொற்களையும் சொல்வாள். கலியன் மூன்றரை மணிக்கு எழுந்து அளத்துக்குப் போனவன். வெயில் ஏறுமுன் இரண்டு பாத்தி வாரியிருக்கிறான். முதுகுத்தண்டு பலகையைப் போல இறுகிக் கிடந்தது. சட்டியில் இருக்கும் பச்சை, ஓரங்களில் இப்போதே சற்று மங்கத் தொடங்கிவிட்டதைப் போல இருந்தது. அவளுக்கோ வைக்கோலும் சோறும் ஒன்றுதான். வெல்லமும் வேப்பிலையும் ஒன்றுதான். அப்படியிருக்கப் பழைய உப்பு என்ன, புது உப்பு என்ன?

இந்த நினைப்பு வந்த உடனே அதைத் தள்ளிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தள்ளுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. எழுந்து கொல்லைக்குப் போனான். கருவாட்டுக்காரிக்கென்று முந்தாநாள் கொண்டுவந்த சிப்பம் சுவரோரம் இருந்தது. சாக்கின் வாயைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்தான். வெள்ளைவெளேர் என்ற உப்பு; இந்தச் சித்திரையில் விளைந்ததிலேயே நல்ல உப்பு. இன்னும் ஈரம் இருந்தது. அம்மியில் வைத்து நுணுக்கி, மூன்று விரலால் எடுத்துத் தூவி, மறுபடியும் மசித்து, விரலில் தொட்டு நக்கிப் பார்த்தான். கரித்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து அளத்துக் காற்று உதட்டில் படிந்திருந்தது. மதியம் குளித்துப் படுத்து எழும்வரை, உப்பு வாருகிறவனுடைய நாக்குக்கு எதைக் கொடுத்தாலும் உப்புத்தான்.

கிண்ணத்தில் வழித்து, நடுவில் கொட்டையை வைத்து, சிறு கரண்டியோடு கட்டிலருகே போனான்.

“ஏம்மே. எழுந்துரு.”

அவள் திரும்பினாள். கண்கள்தாம் பெரிதாகத் தெரிந்தன. தலைமாட்டில் இருந்த சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீரால் நாக்கை நனைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் நனைக்காமல் அவளால் பேச முடிவதில்லை.

“இன்னா அது.”

“நிவேதா கொண்டாந்தாளே, அது. பழுத்துடுச்சி.”

“பச்சையா இருக்குது. பழுத்துதுங்கிற.”

“பழுத்தாலும் பச்சைதானாம். வெள்ளைக்காரன் பழம் அப்புடித்தான். ஒரு வாய் வச்சிப் பாரு. நாளைக்கி ஆஸ்பத்திரி.”

“தெரியும்.”

கையில் வாங்கிக்கொண்டாள். ஊட்டிவிட அவள் ஒருபோதும் விட்டதில்லை. கரண்டியின் நுனியில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மாத்திரையை விழுங்குகிறவளைப் போல வாயில் வைத்தாள். கலியன் அவளுடைய தொண்டையையே பார்த்தான். புதுத்தோலுக்கு அடியில் ஏதோ ஏறி இறங்கியது. புரையேறவில்லை. ஒரு கட்டியும் இல்லை. அவன் மெல்ல மூச்சு விட்டான்.

இன்னொரு கரண்டி. அதுவும் இறங்கியது. மூன்றாவதை எடுத்தவள் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். நெற்றி சுருங்கிற்று. உதட்டின் ஒரு பக்கம் கோணியது. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி அழுத்தி எடுத்தாள்.

“இன்னாமே? எரியுதா? நாலு சொட்டுதான் பிழிஞ்சேன்.”

அவள் கையைக் காட்டிப் பேசாமலிருக்கச் சொன்னாள். சொம்பை எடுக்கவில்லை. எதையோ துரத்திக்கொண்டு போகிறவளைப் போல அவள் கண்கள் ஓரிடத்தில் நின்றன.

“கசக்குது.”

“பழம் அப்புடித்தான் இருக்கும்போல. புதுசு இல்ல, நமக்கு...”

“பழத்த சொல்லாத.” குரல் கரகரத்தது. “பழம் மெத்துன்னு கீது. கசப்பு அடி நாக்குல கீது. மேல கரிச்சிட்டு கீழ நிக்குது.” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “புது உப்ப போட்டியா?”

  பொய் சொல்ல வேண்டும் என்றுதான் கலியன் நினைத்தான். ஆனால், சொல்ல வேண்டிய பொய் எது என்றே தெரியவில்லை. வாங்கிக்கொண்டு வரவா, பக்கத்து வீட்டில் கேட்கவா, நான் நினைத்தேன் உனக்கு... எல்லாம் நெஞ்சுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன.  கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

“எனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதேன்னு போட்டுட்ட.”

“ஜாடியில இல்லடி. தீந்துபோச்சி.”

“தீந்தா? யாரு வச்சா தீராம இருக்க? போன வருசம் நான் எங்க...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் கணக்கு ஓடியிருக்க வேண்டும்.  தெருவில் குழாயடியில் யாரோ யாரையோ திட்டும் ஓசை கேட்டது. அவள் மறுபடியும் நாக்கை அழுத்தினாள், அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல. இருந்திருக்க வேண்டும், முகம் மறுபடியும் கோணியது.

கலியன் கிண்ணத்துக்குக் கையை நீட்டினான். “குடு, போயி பாக்கியத்துகிட்ட வாங்கியாறேன். இத கொட்டிட்டு இன்னொண்ண அறுத்து...”

“இன்னொண்ணு பழுத்துதா?”

“இல்ல.”

“அப்ப எத அறுப்ப? நாளைக்கி காலையில வண்டி ஏறணும்.” கிண்ணத்தை அவனிடமிருந்து விலக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, இத்தனை மாதங்களில் அவன் கேட்டிராத ஓர் எரிச்சலோடு சொன்னாள்: “நாப்பது வருசம் உப்பு வாருன மனுசன். எந்த உப்ப வாயில போடறதுன்னு தெரியல. தூ.”

கலியன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“குந்திக்கினு மண்டைய ஆட்டாத. அந்த சிப்பத்த இப்புடி கொண்டா. கூட எங்க கீது?”

“பரண் மேல.”

“எறக்கு. செங்கல்லு ரெண்டும் அம்மிக்கிப் பின்னால கெடக்கும். அந்த மூலையில வை. செவுத்துல ஒட்டாம வை.”

“சித்திர மாசம்டி இது. மழைக்கி இன்னும்...”

“எனுக்கு மாசம் தெரியும். வையி.”

அவன் எழுந்தான். பரணிலிருந்து கூடையை இறக்கினான். சிலந்தி வலையைத் துடைத்தான். செங்கற்கள் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தன. மூலையைப் பெருக்கிவிட்டு, கற்களை இரண்டு சாண் இடைவெளியில் வைத்து, அவற்றின் மேல் கூடையைச் சாயாமல் நிறுத்தி, கருவாட்டுக்காரிக்கென்று வைத்திருந்த உப்பைக் கொட்டினான். அது சரசரவென்று இறங்கிக் குவிந்தது. குனிந்து, அடியில் ஒரு தட்டை நகர்த்தினான்.

“இன்னும் உள்ள தள்ளு. நடுவுல விழணும்.”

தள்ளினான். பின்னால் கரண்டி கிண்ணத்தில் உரசும் ஓசை கேட்டது. பிறகு, நீண்ட அமைதி, ஒரு செருமல், மறுபடியும் உரசும் ஓசை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையின் இடுக்குகளில் வெள்ளை தெரிந்தது. நண்பகல் வெயில் சாளரத்தின் வழியாக நுழைந்து தட்டின்மேல் விழுந்திருந்தது. அலுமினியத் தட்டின் விளிம்பு அந்த வெளிச்சத்தில் மின்னியது. ஒரு துளிகூட விழாமல், நடுவும் காய்ந்து, அது கூடையின் கீழே மழைக்காகக் காத்துக் கிடந்தது.